மாதிரிச் சிப்பி எடுக்காத ஏலம்

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் இரவில் கரை சேர்ந்ததும் ஏலம் தொடங்கிவிடும். விலை கேட்பதற்கு முன் வியாபாரி குனிந்து மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். சிவந்திருந்தால் அன்று பிடித்த மீன். வெளுத்திருந்தால் ஐஸில் கிடந்தது. இதே கரையில் நடந்த முத்துச் சிப்பி ஏலத்தில் அப்படிப் பார்க்க வழியே கிடையாது. வாய் மூடிய சிப்பிகளைக் குவியலாகக் குவித்து, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று விலை கூறுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்பது, வாங்கியவர் சிப்பியை அழுகவிட்டு, கழுவி, சலித்துப் பார்க்கும்வரை அவருக்கே தெரியாது. ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுக்கும் அணிகள், செவுளைப் பார்த்து மீன் வாங்குவதாகத்தான் நினைத்துக்கொள்கின்றன. கையில் புள்ளிவிவரம் இருக்கிறது, வீடியோ இருக்கிறது. ஆனாலும் இருபது வயதுப் பையன் அடுத்த ஆண்டு என்ன ஆவான் என்பது மூடிய சிப்பிதான்.

அதற்காக முத்துக் குளிப்பு நடத்தியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கடலில் இறங்கவில்லை. தோலாயிரம் பார் போன்ற முத்துப் பார்களுக்குக் குளிப்பாளிகளை அனுப்பி, சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுத்து, அதில் கிடைத்த முத்தை மதிப்பிட்ட பிறகுதான் அந்த ஆண்டு குளிப்பு உண்டா இல்லையா என்று அரசு முடிவு செய்தது. சிப்பி இளசாக இருந்தால் காத்திருப்பார்கள். தாமதித்தாலும் ஆபத்து, வயதான சிப்பி பாரிலேயே செத்துப்போகும். இந்த மாதிரி எடுக்கும் வேலையைத்தான் தெற்கத்தி ரசிகர்களின் அணி செய்ய வேண்டும் என்கிறேன். தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) கிரிக்கெட்டின் அடுத்த ஏலத்துக்கு நெல்லை ராயல் கிங்ஸ் உட்காரும்போது, பட்டியலில் குறைந்தது இரண்டு இடமாவது இந்தக் கரைக்கும் அதை ஒட்டிய ஊர்களுக்கும் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த இரண்டு பேர் யார் என்பதையும் ஏலத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே மைதானம் மைதானமாகப் போய்த் தேடியிருக்க வேண்டும். இதை ஊர்ப்பாசத்தால் மட்டும் சொல்லவில்லை. அணி வெல்வதற்கும் நிலைப்பதற்கும் இதுவே நல்ல வழி என்று நம்புகிறேன்.

நெல்லை அணிக்குத் தூத்துக்குடிக்காரர்கள் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்டால், தூத்துக்குடிக்கென்று இருந்த அணி போய்விட்டது என்பதுதான் பதில். டிஎன்பிஎல் 2016-ல் தொடங்கியபோது முதல் கோப்பையை வென்றதே டூட்டி பேட்ரியாட்ஸ் அணி. சேப்பாக்கத்தில் நடந்த இறுதிப் போட்டியில் 2 விக்கெட்டை மட்டும் இழந்து 215 ரன் குவித்து, சேப்பாக் சூப்பர் கில்லீஸை 93 ரன்னில் சுருட்டியது. மறு ஆண்டும் இறுதிக்கு வந்து, அதே சேப்பாக்கிடம் தோற்றது. அந்த 2017 தொடரில் வாஷிங்டன் சுந்தர் 459 ரன் அடித்தார், 15 விக்கெட்டும் எடுத்தார். டிசம்பரில் இந்திய அணிக்கே ஆடினார். இத்தனை சிறப்பும் தூத்துக்குடி என்ற பெயரில்தான் நடந்தது. ஆனால் ஓர் ஆட்டம்கூடத் தூத்துக்குடியில் நடக்கவில்லை. நட்சத்திரங்களான அபினவ் முகுந்த், வாஷிங்டன் இருவரும் சென்னைக்காரர்கள். 2021-ல் அணி சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆகிவிட்டது. காரைக்குடி காளையும் அதே போலத் திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. உரிமையாளர்களின் கணக்கு வழக்கை நாம் பேச வேண்டியதில்லை. ஆனால் மைதானமும் இல்லாமல், மண்ணின் ஆட்டக்காரரும் இல்லாமல், பெயரால் மட்டும் ஓர் ஊரோடு கட்டப்பட்ட அணியை அவிழ்த்துக்கொண்டு போவது சுலபம். முதல் கோப்பையை வென்ற அணி ஊரை விட்டுப் போனபோது கடைத்தெருவில் யாரும் பெரிதாகப் பதறவில்லை என்றால், ரசிகர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்குத் தெரிந்த ஒரு முகமாவது அந்த அணியில் இருந்திருக்க வேண்டும்.

ஆட்டக்காரர்களைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை இரண்டு. ஒன்று டிராஃப்ட்: எல்லா அணிகளும் முறை வைத்து, ஒருவர் பின் ஒருவராகப் பெயர் சொல்லி எடுப்பது. அமெரிக்கக் கால்பந்து லீக்கில் இது 1936-ல் தொடங்கியது. கடைசியில் நிற்கும் அணிக்கு முதல் வாய்ப்பு. பணக்கார அணியே எல்லாரையும் அள்ளிக்கொண்டு போகக் கூடாது என்பது நோக்கம். மற்றது ஏலம்: ஒவ்வோர் அணிக்கும் செலவு வரம்பு ஒன்று, அதற்குள் போட்டியிட்டு எடுப்பது. இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்து 2017 வரை டிராஃப்ட் நடத்தியது. டிஎன்பிஎல்லும் டிராஃப்டில்தான் ஆரம்பித்தது; 2023 பிப்ரவரியில் மாமல்லபுரத்தில் முதன்முறையாக ஏலத்துக்கு மாறியது. அணிக்கு 70 லட்சம் ரூபாய் வரம்பு. மிகக் குறைந்த அடிப்படை விலை ஒன்றரை லட்சம். அந்த ஏலத்தில் லைகா கோவை கிங்ஸ் சாய் சுதர்சனுக்கு மட்டும் 21.6 லட்சம் கொடுத்தது. கையிருப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஒரே ஆளுக்கு. 

கோவை அந்த ஆண்டு கோப்பையை வென்றது, ஆகவே நட்சத்திரத்துக்குச் செலவழிப்பதே சரி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த இறுதிப் போட்டியை நெல்லை ரசிகர்கள் மறந்திருக்க முடியாது. 2023 ஜூலை 12, திருநெல்வேலி, சொந்த மைதானம், எதிரே கோவை. சாய் சுதர்சன் அந்தத் தொடரில் ரன்களைக் குவித்திருந்தாலும் அன்று களத்தில் இல்லை. கோவையை 205-க்குக் கொண்டுபோனவர்கள் சுரேஷ் குமார், முகிலேஷ், அதீக் உர் ரஹ்மான் ஆகியோர். மூவரும் அரைச் சதம். நெல்லை 101 ரன்னுக்குள் சுருண்டு 104 ரன் வித்தியாசத்தில் தோற்றது. நட்சத்திரம் ஓர் அணியை இறுதி வரை இழுத்துவரலாம். தேசிய அணியின் அழைப்பு வந்தால் கிளம்பிப் போய்விடுவார், போகவும் வேண்டும். அப்போது அணியைத் தாங்குவது பட்டியலின் கீழ்ப்பாதி. டிஎன்பிஎல் போன்ற மாநிலத் தொடரில் வெற்றி தோல்வி தீர்மானமாகும் இடம் அந்தக் கீழ்ப்பாதிதான். அங்கே நிரப்ப வேண்டிய ஆள்களைத்தான் நம் பக்கத்து ஊர்களிலிருந்து எடுக்கச் சொல்கிறேன். முதல் மூன்று பெரிய பெயர்களை நெல்லை அணி எங்கிருந்து வேண்டுமானாலும் வாங்கட்டும்.

கீழ்ப்பாதியில் என்ன கிடைக்கும் என்பதற்கு டிஎன்பிஎல்லின் வரலாறே சாட்சி. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகிய நடராஜன், 2016-ல் திண்டுக்கல் அணிக்கு ஆடினார். மறு ஆண்டு ஐபிஎல் ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் இருந்தவரைப் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. கட்டடக் கலை படித்துவிட்டு டென்னிஸ் பந்தில் சுழலை உருட்டிக்கொண்டிருந்த வருண் சக்ரவர்த்தி, 2018-ல் மதுரை பாந்தர்ஸ் கோப்பையை வென்றபோது 9 விக்கெட் எடுத்தார். அந்த டிசம்பரிலேயே ஐபிஎல் ஏலத்தில் 8.4 கோடிக்குப் போனார். இருவரும் பள்ளி, மாவட்டம், மாநில ஜூனியர் என்று வழக்கமான படிக்கட்டில் ஏறி வந்தவர்கள் கிடையாது. யாரோ ஒருவர் போய்ப் பார்த்ததால் வெளியே வந்தவர்கள். சின்னப்பம்பட்டியில் கிடைத்தது உடன்குடியிலும் ஆறுமுகநேரியிலும் கிடைக்கவே கிடைக்காது என்று யாரும் தேடிப் பார்க்காமல் எப்படிச் சொல்வது?

சொந்த ஊருக்கு இடம் ஒதுக்குவது உலகில் புதிதும் இல்லை. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் 1949 முதல் 1965 வரை எல்லைத் தேர்வு என்றொரு உரிமை இருந்தது. தன் ஊரிலிருந்து 50 மைல், அதாவது 80 கிலோமீட்டர் தொலைவுக்குள், பெரும்பாலும் கல்லூரியில், ஆடிய ஆட்டக்காரர் ஒருவரை, முதல் சுற்றில் தன் முறையை விட்டுக்கொடுத்து ஓர் அணி முன்கூட்டியே எடுத்துக்கொள்ளலாம். மைதானத்துக்கு ரசிகர்களை வரவழைக்க லீக் கண்டுபிடித்த வழி அது. அப்படி ஃபிலடெல்ஃபியா 1959-ல் எடுத்தவர்தான் வில்ட் சேம்பர்லின், அந்த ஆட்டத்தின் மகத்தான பெயர்களில் ஒன்று. ஸ்பெயினின் பில்பாவோ துறைமுக நகரத்து அத்லெட்டிக் கால்பந்து அணி இன்னும் பிடிவாதமானது. பாஸ்க் மண்ணில் பிறந்தவரோ அங்கே ஆட்டம் பழகியவரோ மட்டுமே அதில் ஆடலாம் என்பது நூறாண்டு கடந்த வழக்கம். முதல் நிலை லீக்கிலிருந்து அது ஒருமுறைகூடக் கீழே இறங்கியதில்லை. ரியால் மாட்ரிட், பார்சிலோனா தவிர வேறு யாரும் இப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. நம் பக்கத்திலேயே பார்க்கலாம்: 2017 ஐஎஸ்எல் டிராஃப்டில் சென்னையின் எஃப்சி எடுத்தவர்களில் வியாசர்பாடி தன்பால் கணேஷும் ஒருவர். அடுத்த மார்ச்சில் கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் 3-0 என்று வென்றபோது ஒரு கோல் அவருடையது. சில நாளில் அணி கோப்பையையும் தூக்கியது.

மறுப்புகளில் நியாயமானவை இருக்கின்றன. பில்பாவோவையே எடுத்துக்கொண்டால், 1984-க்குப் பிறகு அரசர் கோப்பையை மறுபடி வெல்ல அது 2024 வரை காத்திருந்தது. கதவை முழுதாகச் சாத்தினால் அப்படித்தான் ஆகும்; அதனால்தான் இரண்டு இடத்தோடு நிறுத்துகிறேன். பிறந்த ஊரை வைத்து ஒருவரை எடுப்பது திறமைசாலிக்குச் செய்யும் அநியாயம் என்பது இன்னொரு மறுப்பு. ஆனால் இப்போது நடப்பதும் ஊரை வைத்துத்தான், யாரும் அதை வெளியே சொல்வதில்லை என்பதே வித்தியாசம். மாநிலத்தின் முதல் டிவிஷன் லீக் சென்னையில் நடக்கிறது; தேர்வாளர்களின் கண் அங்கே இருக்கிறது. அங்கே போய்த் தங்கி ஆட வசதியுள்ளவர் கண்ணில் படுகிறார், வல்லத்தில் அப்பாவுக்குத் துணையாகக் கடலுக்குப் போகிறவர் படுவதில்லை. இரண்டு இடம் ஒதுக்குவது இந்தச் சாய்வைக் கொஞ்சம் நிமிர்த்தும், அவ்வளவே.

கடினமான மறுப்பு வேறொன்று. இந்தக் கரையில் கிரிக்கெட் எங்கே இருக்கிறது? வேம்பாரிலிருந்து மணப்பாடு வரை கோயில் திருவிழா என்றால் கால்பந்துதானே? உண்மை. கடலோரப் பையன்களின் காலுக்கு அந்த மணலே பயிற்சி. கன்னியாகுமரிக் கரையின் இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜும் அவர் அண்ணன் ரெஜினும் ஐஎஸ்எல் வரை போனது அதே மணலிலிருந்துதான். புல்தரை ஆடுகளம் அரிதான இடத்தில் நல்ல மட்டைக்காரர் உருவாவது கஷ்டம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேகப்பந்து போடத் தோளும் முதுகும் வேண்டும், ஃபீல்டிங்குக்குக் காலும் கண்ணும் வேண்டும். அவை இங்கே இருக்கின்றன. மேலும் தூத்துக்குடியைச் சுற்றி அதே 80 கிலோமீட்டர் என்று வட்டம் போட்டால் கரையோடு முடிவதில்லை. மேற்கே கோவில்பட்டியும் திருநெல்வேலியும் உள்ளே வந்துவிடும். அந்தக் கோவில்பட்டியே பெரிய பாடம். கரிசல் காட்டு ஊருக்கு ஹாக்கி எப்படி வந்தது என்று இன்று யாரும் வியப்பதில்லை. போட்டிகள் ஆண்டு தவறாமல் நடந்தன, விடுதியும் செயற்கைத் தரையும் வந்தன, 2022-ல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஊர்ப்பையன் மாரீஸ்வரனும் அங்கே பயின்ற அரியலூர் கார்த்தியும் ஆடினார்கள். இடமும் கண்காணிப்பும் இருந்தால் ஆட்டம் வேர் பிடிக்கும். ஏலத்தில் நிச்சயமாக இரண்டு இடம் உண்டு என்று தெரிந்தால், தூத்துக்குடி தருவை மைதானத்தில் பந்து வீசும் பையனின் வீட்டில் "எதுக்குடா இந்த வெட்டி வேலை?" என்ற கேள்வி கொஞ்சம் தணியும்.

சங்கு குளிப்பவர்களிடம் ஒரு பழைய நடைமுறை இருந்தது. அரசு சங்கு எடுத்த காலத்தில், வட்டத் துளையிட்ட பலகை ஒன்றில் ஒவ்வொரு சங்கையும் விட்டுப் பார்ப்பார்கள். துளையில் நழுவி விழும் சிறு சங்கு வளரட்டும் என்று கடலுக்கே திரும்பிப் போகும். அணியும் அப்படி ஒரு பலகை வைத்துக்கொள்ளலாம். இந்த ஆண்டு தேறாத பையனின் பெயரைக் குறித்துவைத்து, வலைப்பயிற்சிக்குக் கூப்பிட்டு, அடுத்த ஆண்டு மறுபடி அளந்து பார்க்கலாம். இதற்கு ஆகும் செலவு பெரிதில்லை. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்ந்து, ஜனவரியில் மைதானங்கள் காய்ந்துவிடும். பொங்கலை ஒட்டி ஊருக்கு ஊர் டென்னிஸ் பந்துப் போட்டிகள் நடக்கும். ஒலிபெருக்கியில் வர்ணனை, கோப்பையோடு ரொக்கப் பரிசு, வெளியூர் அணிகள் வேனில் வந்து இறங்கும். டிஎன்பிஎல் ஏலம் வழக்கமாக பிப்ரவரியில் வருகிறது. இடையில் இருப்பது நாலு வாரம். நெல்லை அணியின் பயிற்சியாளர் ஒருவரும் வேகத்தை அளக்கும் கருவி ஒன்றும் அந்த நாலு வாரம் வேம்பாருக்கும் மணப்பாட்டுக்கும் இடையில் சுற்றினால் போதும், மாதிரிச் சிப்பி கைக்கு வந்துவிடும்.