கொரியத் திரைப்படங்களில் அச்சச் சுவை

அச்சம் மனிதன் விரும்பி ஏற்கும் உணர்ச்சியன்று. இருளில் ஓசை கேட்டால் அவன் விளக்கை ஏற்றுகிறான். நாய் விடாது குரைத்தால் கதவைத் தாழிடுகிறான். அங்ஙனமிருக்க, பணங்கொடுத்துச் சீட்டு வாங்கி, இருண்ட படமாளிகையிலே இரண்டு மணிநேரம் அமர்ந்து, அஞ்சி நடுங்கி, பின்னர் நல்ல படம் பார்த்தோம் என்று மகிழ்ந்து செல்வோர் உலகெங்கும் உளர். அவர்களுள் ஒரு சாரார் வேறெந்த நாட்டுப் படங்களையும்விடக் கொரிய நாட்டுத் திகிற்படங்களையே தேடிப் பார்க்கின்றனர். மொழி புரியாது, ஊரும் பேரும் அயலானவை, திரையின் அடியில் ஓடும் எழுத்துக்களைப் படித்துக்கொண்டே காட்சியையும் கவனிக்க வேண்டும். இத்தனை இடர்ப்பாட்டையும் பொருட்படுத்தாது அவற்றை நாடச் செய்வது யாது?

இவ்வினாவுக்கு விடை காணத் தொல்காப்பியம் ஒரு வழி காட்டுகிறது. மெய்ப்பாடுகள் எட்டனுள் ஒன்றாகிய அச்சம், அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கன் காரணமாகத் தோன்றும் என்பது அந்நூலின் கொள்கை. பேயும் தெய்வமும் போல்வன அணங்கு. கொடிய உயிரினம் விலங்கு. பொருளையும் உயிரையும் கவர்வோர் கள்வர். மக்களை ஆள்வோன் இறை. அரசனை மட்டுமன்றித் தந்தை, ஆசிரியர், காவலர் என ஒருவர்மேல் அதிகாரம் செலுத்தும் எவரையும் இந்த நான்காவது சொல்லுள் அடக்கிக்கொள்ளலாம்.

திகிற்படங்கள் பல முதல் மூன்றோடு நின்றுவிடுகின்றன. கொரியப் படங்களிற் சிறந்தவையோ அம்மூன்றுக்கும் பின்னால் நான்காவதை நிறுத்துகின்றன. பேய் ஏன் வந்தது, கொலைகாரன் ஏன் பிடிபடவில்லை, பூதம் எங்கிருந்து பிறந்தது என்று கேட்டுக்கொண்டே சென்றால், காக்க வேண்டியவர் காவாது விட்டமையே விடையாக வந்து நிற்கும். அப்படங்களின் தனிச் சுவை இதிலேயே தங்கியுள்ளது.

முதலில் அணங்கை எடுத்துக்கொள்ளலாம். ஜோசொன் மன்னர் காலம் தொட்டுக் கொரிய மக்களிடையே வழங்கிவரும் கதையொன்று உண்டு. ஜாங்ஹ்வா, ஹொங்ரியோன் என இரு சகோதரிகள். முன்னவள் பெயர் ரோசா மலரையும் பின்னவள் பெயர் செந்தாமரையையும் குறிக்கும். தாயை இழந்த அப்பெண்களுள் மூத்தவள்மீது சிற்றன்னை பெரும்பழி சுமத்துகிறாள். தந்தை அதனை ஆராயாது நம்பிவிடுகிறான். மூத்தவள் நீரில் மூழ்கடிக்கப்படுகிறாள். தங்கையும் அவள் வழியே நீரில் வீழ்ந்து மாள்கிறாள். பின்னர் இருவரும் ஆவி வடிவில் ஊர் அதிகாரியிடம் முறையிட வருகின்றனர். அவரோ அவ்வுருவங்களைக் கண்ட அளவிலே அஞ்சி இறந்துபடுகிறார். அடுத்து வந்தவருக்கும் அதே கதி. இறுதியில் துணிவுமிக்க ஒருவர் பதவியேற்கிறார். அவர் ஓடவில்லை, இருந்து கேட்கிறார். வழக்கை மீண்டும் விசாரித்துக் குற்றவாளிகளைத் தண்டிக்கிறார். ஆவிகள் அமைதி அடைகின்றன.

இக்கதையிலே பேய் எவரையும் கொல்ல வரவில்லை என்பது கருதத்தக்கது. அது மனுக் கொடுக்க வந்தது. தீர்க்கப்படாது நெஞ்சில் உறைந்துபோன துயரையும் மனக்குறையையும் கொரியர் ‘ஹன்’ என்னும் சொல்லாற் குறிப்பர். கொரியத் திரையில் வெள்ளுடை உடுத்து, கருங்கூந்தலை விரித்து நிற்கும் பெண்ணுருவம் பெரும்பாலும் அந்த ஹன்னின் உருவமே.

1924ஆம் ஆண்டிலேயே பேசாப் படமாக வெளிவந்த இக்கதையைத் தழுவி, 2003ஆம் ஆண்டில் கிம் ஜீ-வூன் என்னும் நெறியாளர் இக்காலத்துக்கேற்ப ஒரு படம் ஆக்கினார். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் சகோதரிகள், அவர்களை வரவேற்கும் சிற்றன்னை, பூவேலைப்பாடு நிறைந்த சுவர்கள், எவரும் திறக்க விரும்பாத ஓர் அலுமாரி, இவையே அதன் பொருள்கள். அவ்வீட்டில் மிகுந்த அச்சந் தருவது பேயன்று. வாய் திறவாத தந்தையே. படத்தை இரண்டாம் முறை பார்க்கும் சுவைஞன் அவருடைய மௌனத்தையே கவனித்துக்கொண்டிருப்பான்.

1998ஆம் ஆண்டில் பாக் கி-ஹியொங் நெறிப்படுத்திய பெண்கள் பாடசாலைப் பேய்க்கதையும் இவ்வகையினதே. இறந்த மாணவி ஒருத்தி வேறு பெயருடன் மீண்டும் மீண்டும் அதே பாடசாலையில் வந்து அமர்கிறாள். நெடுங்காலம் அவளை ஒருவரும் அடையாளங் காணவில்லை. பரீட்சைப் புள்ளிகளை மட்டும் நோக்கி மாணவியரை ஒப்பிட்டும் இழிவுபடுத்தியும் வரும் ஆசிரியர்கள் அவர்களின் முகங்களை நோக்குவதில்லை. அப்படம் இளைஞரிடையே பெருவரவேற்பைப் பெற்று ஒரு படவரிசைக்கே வித்திட்டது.

இவற்றுக்கெல்லாம் முன்னோடியாகப் பேயே இல்லாத ஒரு திகிற்படம் உண்டு. கிம் கீ-யங் 1960ஆம் ஆண்டில் ஆக்கிய ‘வேலைக்காரி’ அது. நெசவாலைப் பெண்களுக்கு இசை கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் புதிதாக இருமாடி வீடு கட்டுகிறார். அவ்வீட்டுக்காக மனைவி உடல் நலியத் தையல் இயந்திரத்தில் உழைக்கிறாள். உதவிக்கு அமர்த்தப்பட்ட பெண்ணோடு ஆசிரியர் தவறு செய்கிறார். அவள் கருவுற்றதும், குடும்ப மானத்தையும் கணவரின் தொழிலையும் காப்பதற்காக மனைவி அவளை மாடிப்படியிலிருந்து விழுமாறு தூண்டிக் கருவை அழிக்கிறாள். அதன்பின் அந்த வேலைக்காரியே வீட்டை ஆட்டிப்படைக்கத் தொடங்குகிறாள். சமையலறை அலுமாரியில் இருக்கும் எலி நஞ்சுப் போத்தல் படம் முழுவதும் பார்ப்போரின் மனத்தை விட்டகல்வதில்லை. வீட்டுத் தலைவன் ஒருவனின் தளர்ச்சி அனைவரையும் அழிக்கிறது. மாணவர் எழுச்சியால் சிங்மன் ரீயின் ஆட்சி வீழ்ந்த அதே ஆண்டில் அப்படம் வெளிவந்தது.

மறு ஆண்டே இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 1962ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டமும் தொடர்ந்து வந்த தணிக்கையும் படைப்பாளரின் கையைக் கட்டின. காவலரையோ அரசையோ குறைகூறும் படம் எடுத்தல் அரிதாயிற்று. 1987ஆம் ஆண்டின் மக்கள் போராட்டம் நிலைமையை மாற்றியது. 1996ஆம் ஆண்டில், படங்களை முன்கூட்டியே தணிக்கை செய்வது அரசியலமைப்புக்கு முரணானது என அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பின் வந்த பத்தாண்டுகளிலே கொரியத் திகிற்படம் உலகப் புகழ் பெற்றமை தற்செயலன்று. நெடுங்காலம் சொல்லவொண்ணாதிருந்தவை பேயுருவிலும் கொலைக்கதை உருவிலும் வெளிவந்தன.

அடுத்துக் கள்வரைப் பற்றியது. இங்குத் தலைசிறந்து நிற்பது பொங் ஜூன்-ஹோ 2003ஆம் ஆண்டில் ஆக்கிய ‘கொலையின் நினைவுகள்’ என்னும் படம். 1986 முதல் 1991 வரை, சியோல் நகருக்குத் தெற்கேயுள்ள ஹ்வாசொங் என்னும் வயல்சூழ் பகுதியிலே பத்துப் பெண்கள் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 21,000 பேர் விசாரிக்கப்பட்டும் கொலையாளி அகப்படவில்லை. படம் எடுக்கப்பட்டபோதும் அவன் யாரென எவரும் அறியார்.

ஆகவே இப்படத்தில் ‘கொலைகாரன் யார்’ என்ற வினாவுக்கு விடை இல்லை. ‘அவன் ஏன் அகப்படவில்லை’ என்ற வினாவுக்கோ காட்சிதோறும் விடை கிடைக்கிறது. வயலிற் பதிந்த அடிச்சுவட்டை உழவு இயந்திரம் ஒன்று அழித்துவிட்டுச் செல்கிறது. பொலிசார் ஒரு சப்பாத்தைக் கொண்டு பொய்ச்சுவடு பதிக்கின்றனர். அறிவு வளர்ச்சி குன்றிய இளைஞன் ஒருவனை அடித்து வாக்குமூலம் பெற முயல்கின்றனர். மழை பெய்யும் இரவுகளில் வானொலியில் ஒரு குறித்த பாடல் நேயர் விருப்பமாக ஒலிப்பதையும், அவ்விரவுகளிலேயே கொலை நிகழ்வதையும் பெண் பொலிஸ் ஒருத்தி கண்டுபிடிக்கிறாள். மீண்டும் மழை தொடங்குகிறது, அப்பாடலும் ஒலிக்கிறது. காவலுக்கு ஆட்படை வேண்டுமெனக் கேட்கின்றனர். ஆர்ப்பாட்டக்காரரை அடக்கப் படை முழுவதும் சென்றுவிட்டது, அனுப்ப ஆளில்லை என்று மறுமொழி வருகிறது. அன்றிரவும் ஒரு பெண் மாள்கிறாள். மக்களைக் காக்க வேண்டிய கை மக்களை அடிப்பதிலே ஈடுபட்டிருந்தது என்பதை இதனினுந் தெளிவாகக் காட்டவியலாது.

படத்தின் முடிவிலே, தொழிலை விட்டு விலகிய பழைய துப்பறிவாளர் முதற் பிணம் கிடந்த வாய்க்காலைக் குனிந்து பார்க்கிறார். சில நாட்களுக்கு முன் வேறொருவரும் இங்ஙனமே வந்து பார்த்ததாக ஒரு சிறுமி கூறுகிறாள். அம்மனிதர் எப்படியிருந்தார் என்று கேட்கிறார். சாதாரண முகம் என்கிறாள் அவள். துப்பறிவாளர் திரும்பித் திரையிலிருந்து நேரே பார்வையாளரை நோக்குகிறார். கொலையாளி என்றேனும் இப்படத்தைப் பார்ப்பான், அவன் கண்ணை இந்தக் கண்கள் சந்திக்கட்டும் என்பதே நெறியாளரின் கருத்து.

வரலாறு இக்கதையை அங்கு முடிக்கவில்லை. 2019ஆம் ஆண்டில் மரபணுச் சோதனை உண்மைக் கொலையாளியைக் காட்டிக்கொடுத்தது. தன் மனைவியின் தங்கையைக் கொன்ற குற்றத்துக்காக 1994 முதல் அவன் சிறையில் இருந்தவன். மொத்தம் பதினான்கு கொலைகளை அவன் ஒப்புக்கொண்டான். ஆயினும் அக்காலச் சட்டம் விதித்த பதினைந்து ஆண்டு எல்லை 2006ஆம் ஆண்டிலேயே கடந்துவிட்டமையால், ஹ்வாசொங் கொலைகளுக்காக அவன்மீது வழக்குத் தொடர இயலவில்லை. 2015ஆம் ஆண்டில் கொலைக்குற்றத்துக்கான கால எல்லை நீக்கப்பட்டபோதும், முன்னரே எல்லை கடந்த வழக்குகளுக்கு அது பயன்படவில்லை. இதனினும் கொடிய உண்மையொன்றும் வெளிப்பட்டது. அக்கொலைகளுள் எட்டாவதைச் செய்தவர் எனக் குற்றவாளியாக்கப்பட்ட வேறொருவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிலிருந்தார். பொலிசாரின் வதையால் பெறப்பட்ட வாக்குமூலமே அவரைச் சிறைக்கு அனுப்பியது. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் நீதிமன்றம் அவர் நிரபராதி எனத் தீர்ப்பளித்தது.

அம்மறுவிசாரணையில் சாட்சியளித்த உண்மைக் கொலையாளி, தான் சிறையிலே அப்படத்தைப் பார்த்ததாகவும், அது தன் மனத்தில் எவ்வுணர்ச்சியையும் எழுப்பவில்லை எனவும் கூறினான். திரையிலிருந்து நோக்கிய கண்கள் அவன் கண்ணைச் சந்தித்தே இருந்தன, பயன் விளையவில்லை. கொலையாளியின் நெஞ்சைக் கலையால் அசைக்க இயலாதிருக்கலாம். ஆயின் அடித்துப் பெறும் வாக்குமூலம் உண்மையாகாது என்பதை, அந்த நிரபராதியின் விடுதலைத் தீர்ப்புக்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே அப்படம் உரைத்துவிட்டது.

விலங்கைப் பற்றிய படத்தையும் அதே பொங் ஜூன்-ஹோவே 2006ஆம் ஆண்டில் அளித்தார். 2000ஆம் ஆண்டிலே சியோலில் உள்ள அமெரிக்க இராணுவத் தளமொன்றில் போமலின் என்னும் நச்சு மருந்து வடிகாலில் ஊற்றப்பட்டது. அது ஹான் ஆற்றைச் சென்றடையும் வழி. அந்நிகழ்ச்சியைப் போன்றதொரு காட்சியுடனே படம் தொடங்குகிறது. ஆற்றிலிருந்து எழும் பூதம் கரையோரத்துச் சிறுகடைக்காரரின் பேத்தியைக் கவர்ந்து செல்கிறது. அவள் உயிரோடிருப்பதாகக் குடும்பத்தார் கூறுவதை அதிகாரிகள் நம்பவில்லை. இல்லாத நோய்க்கிருமி ஒன்றைக் காரணங்காட்டி அவர்களையே அடைத்துவைக்கின்றனர். 1 கோடி 30 இலட்சம் பேருக்கு மேல் இப்படத்தைப் பார்த்தனர்.

பத்தாண்டு கழித்து யோன் சாங்-ஹோ ஆக்கிய ‘பூசானுக்குச் செல்லும் புகையிரதம்’ இதற்குத் துணையாக நிற்கிறது. நடைப்பிணங்கள் பயணிகளைத் துரத்துகின்றன. தப்பி வந்தோருக்கு அடுத்த பெட்டியில் இருப்போர் கதவடைக்கின்றனர். தொலைக்காட்சியிலே அரசு யாவும் நலமே என்கிறது. 2014ஆம் ஆண்டு ஏப்பிரலில் செவோல் என்னும் கப்பல் மூழ்கி 304 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் பாடசாலை மாணவர். இருந்த இடத்திலேயே இருங்கள் என்று அறிவித்துவிட்டுக் கப்பற்றலைவர் தப்பிச் சென்றார். அத்துயரை அறிந்த கொரியருக்கு அப்படத்தின் அறிவித்தற் குரல்கள் எதனை நினைவூட்டியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சுவை கலந்து வருவதும் இப்படங்களின் இயல்பு. பூதப் படத்திலே துக்க மண்டபத்தில் அழும் குடும்பத்தார் ஒருவர்மேல் ஒருவர் உருண்டு விழுகின்றனர்; அழுகைக்கு நடுவே நகை பிறக்கிறது. புதிதாகப் பார்ப்போர் இதனைக் குறையென எண்ணுவர். பழகியவரோ, சிரித்துக்கொண்டிருக்கும்போதே அச்சம் ஆழமாகத் தைக்கும் என்பதை அறிவர். வீட்டு மாடிப்படியும் அவ்வாறே பயன்படுகிறது. ‘வேலைக்காரி’யின் மாடிப்படி, 2019ஆம் ஆண்டில் கான் விழாவின் தலையாய பரிசையும் மறு ஆண்டில் நான்கு ஒஸ்கார் பரிசுகளையும் வென்ற ‘பரசைட்’ படத்திலே மீண்டும் வந்து, ஏழைக்கும் செல்வனுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்கிறது. அதன் நெறியாளர் பொங் ஜூன்-ஹோ தாம் கிம் கீ-யங்குக்குக் கடமைப்பட்டிருப்பதை வெளிப்படையாகவே கூறியுள்ளார்.

இவ்வகைப் படங்கள் யாவும் போற்றத்தக்கன என்று கூறுதல் பொருந்தாது. குருதியைக் குருதிக்காகவே காட்டுவனவும், பெண்ணின் துன்பத்தைக் கதையை நகர்த்தும் கருவியாக மட்டுங் கொள்வனவும் உள. ‘கொலையின் நினைவுகள்’ படத்திலும் மாண்ட பெண்களின் வாழ்வு அதிகம் சொல்லப்படவில்லை என்ற குறை நியாயமானதே. சிறுவர் பார்க்கத் தக்கவை மிகச் சிலவே. எனினும் நல்லதையும் அல்லதையும் பிரித்தறிய எளிய உரைகல் ஒன்று உண்டு. படம் முடிந்தபின் மனத்தில் நிற்பது வெட்டுண்ட உடலாயின் அது தாழ்ந்தது. கேட்கப்படாத ஒரு முறையீடாயின் அது உயர்ந்தது.

புதிதாகப் பார்க்க விரும்புவோர் இரு சகோதரிகளின் கதையில் தொடங்கி, ‘வேலைக்காரி’க்குச் சென்று, பின்னர் ‘கொலையின் நினைவுகள்’ படத்தை அடைதல் நன்று. குரல்மாற்றிய பதிப்பை விடுத்து மூலக் குரலிலேயே பார்த்தல் வேண்டும். சொல் புரியாவிடினும் குரலின் நடுக்கம் புரியும். பேய் எப்போது வரும் என்று எதிர்பார்த்திருப்பதைவிட, காக்க வேண்டியவர் எங்கே என்று தேடிக்கொண்டிருப்பதே அவற்றைச் சுவைக்கும் முறை.

பழங்கதையில் வந்த அதிகாரிகள் பேயின் கொடுமையால் இறக்கவில்லை. கேட்கும் துணிவின்றி இறந்தனர். துணிவுடையார் ஒருவர் இருந்து கேட்டபோது பேய்க்கும் அமைதி வந்தது. ஊருக்கும் அச்சம் நீங்கிற்று. இருண்ட படமாளிகையில் அமர்ந்திருக்கும் சுவைஞனுக்கு இப்படங்கள் அத்துணிவுடையாரின் ஆசனத்தையே அளிக்கின்றன.