தென்னையடிக் காளான் மருந்தாகுமா?

தென்னையின் அடியில், அரக்கு பூசியதுபோல் மினுமினுக்கும் செம்பழுப்புக் காளானைப் பார்த்ததும், 'கடையில் விற்கிற ரெய்ஷி இதுதானே, கஷாயம் வைக்கலாமா?' என்று தோன்றலாம். வேண்டாம்.

இரண்டும் கானோடெர்மா பேரினம்தான். ஆனால் அதில் இனங்கள் பல. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. தோப்பில் ஊற்றிய பூஞ்சணக்கொல்லியும் அதில் ஏறியிருக்கலாம்.

கடைப்பொடியிலும் கவனம் தேவை. ரெய்ஷியில் உள்ள பீட்டா குளூக்கான், நோய் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டுவது ஆய்வகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. அதற்காகப் புற்றுநோயும் சர்க்கரை நோயும் குணமாகும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடியை நம்பினால் உயிருக்கே ஆபத்து. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவோர், சிறுநீரகம் மாற்றிக்கொண்டோர் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

மரத்துக்கோ அந்தக் காளான் எமன். தஞ்சாவூர் வாடல் நோயின் அடையாளம். பறித்து எரித்துவிடுங்கள். நோயுற்ற மரத்தைச் சுற்றி 2 அடி ஆழம், 1 அடி அகலத்தில் பள்ளம் வெட்டித் தனிமைப்படுத்துங்கள். மற்ற மரங்களுக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கைத் தொழுவுரத்துடன் இடுங்கள்.

சாப்பிடக் காளான் வேண்டுமா? வைக்கோலில் சிப்பிக்காளான் வளர்த்து, நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். அது நல்ல உணவு, அதுவே போதும்.