தோட்டத்துக் காய் பக்கத்து ஓட்டலுக்கே!
கும்மிடிப்பூண்டி, பொன்னேரி விவசாயிகளுக்கு ஒரு யோசனை

கும்மிடிப்பூண்டி சிப்காட் அருகே உள்ள ஏதாவது ஓர் ஓட்டலில் மதியச் சாப்பாட்டுக்கு உட்காருங்கள். இலையில் விழுகிற கத்தரிக்காய் எந்த ஊர்க் காய் என்று கேட்டால், பரிமாறுகிறவர் "கோயம்பேட்டுக் காய்" என்பார். கோயம்பேட்டில் கத்தரி விளைவதில்லை. அந்தக் காய் முதல் நாள் மாலை கவரைப்பேட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பறிக்கப்பட்டு, வேனில் ஏறி, 45 கிலோமீட்டர் சென்று, இரவில் மண்டியில் விலை போய், விடியற்காலையில் இன்னொரு வண்டியில் ஏறி, மறுபடி 45 கிலோமீட்டர் திரும்பி வந்ததாகவே இருக்கலாம்.

இந்தப் போக்குவரத்துச் செலவைக் கொடுப்பவர் யார்? மூட்டைக்கு வண்டி வாடகை, ஏற்று கூலி, இறக்கு கூலி, மண்டிக் கமிஷன், எடையில் கழிவு, எல்லாம் விளைவித்தவர் கணக்கில் கழிகின்றன. வாங்கித் திரும்புகிற ஓட்டல்காரர் தம் பங்குக்கு வண்டி வாடகையும் சில்லறை லாபமும் சேர்த்துக் கொடுக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவே இருப்பது நாலு கிலோமீட்டர். கொடுப்பதோ 90 கிலோமீட்டருக்கான செலவு. நெல்லின் கதையும் இதுதான். இங்கே அறுத்த நெல் செங்குன்றம் ஆலைகளுக்குப் போய் அரிசியாகித் திரும்புகிறது.

அந்தந்தப் பருவத்தில் பக்கத்தில் விளைவதை வாங்கி, அதைக்கொண்டே சமைக்கும் ஓட்டல்கள் இன்று பல நாடுகளில் பெயர் பெற்றிருக்கின்றன. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து பெர்க்லி நகரில் ஆலிஸ் வாட்டர்ஸ் என்ற அம்மையார் 1971-ல் தொடங்கிய ஷே பனீஸ் என்ற உணவகத்தை இதற்கு முன்னோடியாகச் சொல்வார்கள். அங்கே இன்று என்ன சமையல் என்பதைத் தோட்டத்தில் என்ன விளைந்தது என்பதே முடிவு செய்யும். சமையல் கழிவு பண்ணைக்கே உரமாகத் திரும்பும் ஏற்பாடும் உண்டு. நம் பாட்டி வீட்டில் நடந்தது இதுதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் வீட்டில் நடந்தது கடையில் நடப்பதில்லை என்பதுதான் இங்கே குறை.

தமிழ்நாட்டிலேயே கண்ணெதிரே ஓர் உதாரணம் இருக்கிறது. ஆரோவில்லில் 1997-ல் தொடங்கப்பட்ட சூரியச் சமையற்கூடம், நாளொன்றுக்குச் சுமார் ஆயிரம் பேருக்குச் சமைக்கும் அளவில் அமைக்கப்பட்டது. கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள கிண்ணம் போன்ற கண்ணாடி அமைப்பு வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்கும். பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் அந்தக் கிண்ணத்தையே அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறார்கள். விவசாயி பார்க்க வேண்டியது கீழே உள்ள சாமான் அறையை. ஆரோவில் பண்ணைகளில் விளையும் காய், கனி, தானியத்துக்கு நிலையான கொள்முதல்காரராக அந்தச் சமையற்கூடம் இருந்து வந்ததுதான் அதன் பெரிய சாதனை. தினமும் ஆயிரம் இலை போடுகிற ஓர் இடம் கிடைத்தால் சிறு பண்ணைகள் பிழைத்துக்கொள்ளும்.

அப்படிப்பட்ட இடங்கள் கும்மிடிப்பூண்டியில் இல்லையா? தொழிற்சாலைக் காண்டீன்கள் இருக்கின்றனவே! 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் காண்டீன் வைக்கவேண்டும் என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வழி செய்தது. 2020-ல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து 100 பேர் இருந்தாலே காண்டீன் வேண்டும் என்று அந்த எண்ணிக்கையைக் குறைத்தது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 பேர் சாப்பிடும் காண்டீனில் ஆளுக்கு 150 கிராம் காய் என்றாலும் ஒரு வேளைக்கு 75 கிலோ. ஞாயிறு நீங்கலாக மாதம் 26 நாள் என்றால் இரண்டு டன்னுக்குச் சற்றுக் குறைவு. இது ஒரே ஒரு காண்டீன் கணக்கு.

தடையாக இருப்பது விலை அல்ல, சமையல் பட்டியல். திங்கள் பீன்ஸ், செவ்வாய் கேரட், புதன் கோஸ் என்று ஆண்டு முழுவதற்கும் ஒரே பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டால், காண்டிராக்டர் என்ன செய்வார்? ஊட்டிக் காயும் ஓசூர்க் காயும் வரும் கோயம்பேட்டுக்குத்தான் போவார். அதே பட்டியலில் "நாட்டுக்காய் ஒன்று, கீரை ஒன்று" என்று மட்டும் எழுதி, எந்தக் காய், எந்தக் கீரை என்பதை வரத்துக்கு விட்டுவிட்டால் போதும், உள்ளூர்த் தோட்டத்துக்குக் கதவு திறந்துவிடும். தொழிலாளர் பிரதிநிதிகள் உள்ள காண்டீன் கமிட்டியில் பேசி முடிக்கக்கூடிய விஷயம் இது. இன்னொன்று: பீகார், ஒடிசா, வங்காளத்திலிருந்து வந்து வேலை செய்கிறவர்கள் இங்கே ஏராளம். நம்மவர்கள் முகம் சுளிக்கிற சுரைக்காயும் பரங்கியும் அவர்களுக்கு விருப்பமான காய்கள். மண்டியில் கேட்பாரற்றுக் கிடக்கும் சுரைக்காய்க்குப் பக்கத்திலேயே கிராக்கி இருக்கிறது.

இனி, எந்த மாதம் எதைக் கொடுக்கலாம் என்று பார்ப்போம். இந்த மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று நெற்பருவங்கள் உண்டு என்பது விவசாயிகளுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சாப்பாட்டு அரிசிக்கு, திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் 2015-ல் வெளியிட்ட டி.கே.எம். 13 சம்பாவுக்கு ஏற்ற சன்ன ரகம். அதே நிலையத்தின் டி.கே.எம். 9 சிவப்பரிசி ரகம்; கஞ்சிக்கும் இட்லிக்கும் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

தை முதல் பங்குனி வரை தோட்டத்துக்கு நல்ல காலம். கத்தரி, வெண்டை, முள்ளங்கி, அவரை, மொச்சை எல்லாம் வரும். மாசியில் தொடங்கும் முருங்கை ஆனி வரை தாராளமாகக் காய்க்கும். சித்திரை, வைகாசியில் புடல், பீர்க்கு, பாகல், வெள்ளரி. ஊத்துக்கோட்டை, மாதர்பாக்கம் பக்கத்து மாந்தோப்புகளிலிருந்து மாங்காயும் பழமும். இந்த நாட்களில் ஒரு சாப்பாட்டுக்கடை வெளியூர்க் காய் வாங்கவே தேவையில்லை.

வம்பு ஐப்பசி, கார்த்திகையில்தான். வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆறும் கொசஸ்தலை ஆறும் பெருகினால் தாழ்ந்த நிலத்துக் கீரைப் பாத்திகள் அழுகும், வெண்டை வேர் மூச்சடைத்து மடியும். முருங்கை விலை கேட்கவே பயமாக இருக்கும். நம் பெண்கள் இதற்கு என்ன செய்தார்கள்? வெயிலில் கத்தரி வற்றல், கொத்தவரை வற்றல், மாங்காய் வற்றல், மோர்மிளகாய் போட்டு வைத்தார்கள். முற்றிய பரங்கியையும் பூசணியையும் காம்போடு அறுத்துக் காற்றோட்டமான இடத்தில் அடுக்கினார்கள், மாதக்கணக்கில் கெடாது. ஓட்டல்காரர் சித்திரையிலேயே மகளிர் சுய உதவிக் குழுவிடம் வற்றலுக்கு முன்பணம் கொடுத்துவிட்டால், மழைக்காலத்தில் அவர் கடையின் வற்றல் குழம்புக்கே ஒரு பெயர் கிடைக்கும். மேட்டுப்பாத்தியும் வடிகாலும் உள்ளவர்கள் அந்த இரண்டு மாதமும் கீரை கொடுக்க முடிந்தால், சொன்ன விலை.

கீரைக்கு எவ்வளவு நிலம் வேண்டும்? முளைக்கீரை 25 நாளில் பிடுங்கலாம். சென்ட்டுக்கு 40 கிலோ என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். தினமும் 20 கிலோ கொடுக்க வேண்டுமானால் நாளுக்கு அரை சென்ட் பாத்தி. நிலம் தயாரிக்க ஐந்து நாள் சேர்த்து 30 பாத்திகள், ஆக மொத்தம் 15 சென்ட். நாளுக்கொரு பாத்தி விதைத்து, நாளுக்கொரு பாத்தி பிடுங்கவேண்டும். ஒரே நாளில் 15 சென்ட்டும் விதைத்துவிட்டு, ஒரே நாளில் 600 கிலோ கீரையை வைத்துக்கொண்டு தவிப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. வெண்டையையும் இப்படியே 20 நாள் இடைவெளி விட்டு மூன்று தவணையாக விதைத்தால் பறிப்பு அறுபடாது.

மீனை விட்டுவிடக் கூடாது. பழவேற்காடு ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. மடவை, கிழங்கான், இறால், நண்டு எல்லாம் அங்கே கிடைக்கும். ஏரியில் 'பாடு' என்ற முறைப்படி மீனவர்கள் முறை வைத்துப் பிடிக்கும் வழக்கம் தொன்றுதொட்டு இருக்கிறது. ஆகவே ஒரே ஆளிடம் தினமும் ஒரே மீன் கேட்பது நடக்காது. கிராமத்தோடு பேசிவைத்து, அன்று வந்ததை வாங்கவேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த 61 நாளும் ஏரி மீனுக்கு மதிப்பு கூடும். கறிப்பலகையில் "இன்று மடவைக் குழம்பு" என்று சாக்கட்டியால் எழுதிப்போடும் கடைக்கு இதில் சிரமமே இல்லை.

குடிப்பதற்கும் வெளியே போகவேண்டாம். மாசி முதல் பதநீர். பானையில் சுண்ணாம்பு தடவி இறக்கி, வெயில் ஏறுமுன் விற்றுத் தீர்க்கவேண்டும், தாமதித்தால் புளித்துவிடும். கள் இறக்கத் தடை உள்ள மாநிலம் ஆதலால் இந்த விஷயத்தில் எச்சரிக்கை தேவை. சித்திரையில் நுங்கு, பிறகு இளநீர், எப்போதும் நீர்மோர். கேழ்வரகுக் கூழும் சின்ன வெங்காயமும் கருவாடும் இந்தப் பக்கத்து உணவு. உலைக்கு முன் நின்று வேர்த்துவிட்டு வருகிறவருக்குப் புட்டியில் அடைத்த சர்க்கரைத் தண்ணீரைவிட ஒரு சொம்பு கூழ் எவ்வளவோ மேல்.

இப்போது கசப்பான ஒரு விஷயம். "உள்ளூர்க் காய்" என்று சொல்லி விற்கப் போகிறவர் தம் ஊர்த் தண்ணீரைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியவேண்டும். தொழிற்பேட்டையை ஒட்டிய வயல்களில் கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதிக்காமல் கீரை போடுவது சரியல்ல. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் மண்ணில் இருந்தால், காயைவிடக் கீரையிலேயே அதிகம் சேரும். காற்றில் வரும் தூசும் இலையில்தான் படியும். வழக்கமான மண் பரிசோதனை உப்பு, களர், அமிலத்தன்மை, பேரூட்டச் சத்துகளைத்தான் காட்டும். கன உலோகப் பரிசோதனையைத் தனியாகக் கேட்டுச் செய்யவேண்டும். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருப்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்தி. அங்கே உப்பின் அளவையும் பார்க்கவேண்டும். சோதனையில் தேறாத நிலத்தில் கீரையை விட்டுவிட்டுப் பூவோ மரமோ வைக்கலாம். சோதனை அறிக்கையை மறைக்காமல் ஓட்டல்காரரிடம் காட்டுங்கள். கோயம்பேட்டு மூட்டையோடு எந்த அறிக்கையும் வருவதில்லை. உங்கள் காய்க்கு அது ஒரு பலம்.

சட்டத்தைப் பற்றிச் சிலருக்குப் பயம் இருக்கிறது. 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், விளைந்த பொருளை அப்படியே விற்கும் விவசாயிக்கும் மீனவருக்கும் பொருந்தாது. காயை நறுக்கிப் பையில் அடைத்தாலோ, வற்றல், ஊறுகாய் போட்டு விற்றாலோ பதிவு வேண்டும்.

கடைசியாகப் பணம். மண்டியில் கமிஷன் போனாலும் ரொக்கம் உடனே கைக்கு வரும். காண்டீன் காண்டிராக்டரோ 30 நாள், 45 நாள் தவணை சொல்வார். பல விவசாயிகள் பத்து நாள் கொடுத்துவிட்டு மண்டிக்கே திரும்புவது இதனால்தான். ஆகவே தனியாளாகப் போகாமல் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலமாகவோ பேசுங்கள். வாரம் ஒருமுறை பட்டுவாடா, சென்ற வாரத்து உழவர் சந்தை விலையே அடிப்படை விலை, காய் வராவிட்டால் முதல் நாள் மாலைக்குள் தகவல், இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும். விளைச்சல் முழுவதையும் ஒரே இடத்துக்கு ஒப்புக்கொள்ளாமல், முதல் பருவத்தில் பாதியை மட்டும் கொடுத்துப் பாருங்கள். மீதி வழக்கம்போல் வண்டி ஏறட்டும்.