தணித்தலும் தகவமைத்தலும்

காலநிலை மாற்றத்தைப் பற்றிய பாடங்களில் தணிப்பு, தகவமைப்பு என்னும் இரு சொற்கள் இணைந்தே வருகின்றன. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதால் வெளியாகும் கரியமில வாயுவைக் குறைப்பது தணிப்பு. மாறிவரும் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ப வாழ்வையும் தொழிலையும் சீர்செய்வது தகவமைப்பு. எரிசக்திக் கொள்கையை அடியோடு மாற்றுவது பெருஞ்செலவு, தகவமைப்பே போதும் என்பர் ஒரு சாரார். தகவமைப்பைப் பேசுவதே தோல்வியை ஒப்புக்கொள்வதாகும் என்பர் மறுசாரார். இவ்வழக்கை நம் தங்கா பத்து வட்டாரத்தில் நின்று பார்ப்போம்.

மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்பவரால் தொடங்கப்பெற்றது. அன்று முதல் பால்வெட்டுத் தொழில் வானிலையோடு கட்டுண்டது. விடியற்குளிரில் மரத்தில் பால் நன்கு சுரக்கும். வெயில் ஏற ஏறக் குறையும். வெட்டுப்பட்டை நனைந்தால் பால் வழிந்தோடும். மங்கில் விழுந்த பாலும் மழைநீரோடு போகும். ஆதலின் பெரட்டு முடிந்து இருளிலேயே வேலை தொடங்கிற்று. பின்னர், வெட்டுக்கு மேலே பாவாடைபோல் சுற்றிக் கட்டும் மழைத்தடுப்பும் வந்தது. இவை தகவமைப்பே, பெயர்தான் புதிது.

நீருக்கும் இஃது பொருந்தும். 1991இல் டுரியான் துங்கல் அணை வறண்டு, மலாக்கா மக்கள் பங்கீட்டு நீரை நம்பி வாழ்ந்தனர். அந்த ஒரு வறட்சியைக் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுத வேண்டியதில்லை. பிற்காலத்தில் ஜஸ் அணையும் அமைந்தது. ஒரே நீர்நிலையை நம்பியிருத்தல் ஆகாது என்பதே பாடம்.

எனினும் தகவமைப்புக்கு எல்லையுண்டு. மழைத்தடுப்பு தூறலைத் தாங்கும்; நாள்தோறும் பெய்யும் அடைமழையைத் தாங்காது. வேலையை விடியலுக்கு மாற்றலாம். விடியலே புழுங்கினால் எங்கே மாற்றுவது? அவ்வெல்லையை நாம் எவ்வளவு விரைவில் எட்டுவோம் என்பதைத் தீர்மானிப்பது தணிப்பு.

தணிப்புக்கும் குறையுண்டு. வெளியேறிய கரியமில வாயுவில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் வளிமண்டலத்தில் தங்கும். இன்று குறைப்பதன் முழுப்பயன் நாளையே கிட்டும். மேலும், இங்குக் கட்டும் கரைத்தடுப்பு இவ்வூரைக் காக்கும். இங்குக் குறைக்கும் புகையோ உலகம் முழுவதற்கும் சிறுசிறிதாகப் பங்காகும். ஆகவேதான் தணிப்புக்கு அரசின் கொள்கையும் நாடுகளின் உடன்பாடும் தேவைப்படுகின்றன. மலேசியா 2023இல் வெளியிட்ட எரிசக்தி மாற்றத் திட்டம், 2050க்குள் மின்னுற்பத்தித் திறனில் 70 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக்க முனைகிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பாலை இயங்கும் நம் வட்டாரத்தில் இம்மாற்றம் பலருடைய பிழைப்பையும் தொடும்.

இனி, ஒரு மொழியியலாளனாகச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. ‘தணிந்தது’ தன்வினை, ‘தணித்தது’ பிறவினை. ‘அமைந்தது’, ‘அமைத்தது’ என்பனவும் அவ்வாறே. வெப்பம் தானே தணியாது, தணிப்பார் வேண்டும். அவ்வாறே, ‘தொழிலாளர் தகவமைந்துகொள்ள வேண்டும்’ என்னும் தொடர் சுமை முழுவதையும் அவர்தம் தலையில் ஏற்றுகிறது. ‘தோட்ட நிருவாகம் வேலைநேரத்தையும் மழைநாட் கூலியையும் தகவமைக்க வேண்டும்’ என்று எழுதினால் பொறுப்பு இடம் மாறுகிறது. ‘தகவமைப்பு’ என்ற பெயர்ச்சொல்லோ இரண்டையும் மறைத்துவிடுகிறது. செய்பவர் யார் என்று அது சொல்வதில்லை.

‘எது வேண்டும், தணிப்பா, தகவமைப்பா?’ என்று வகுப்பறையில் பட்டிமன்றம் நடத்துவதினும், ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய் யார், செலவை ஏற்பவர் யார் என்று மாணவரைத் தேடச் செய்தல் நன்று. இரண்டும் வேண்டும் என்பது அத்தேடலில் தானே விளங்கும். மழைநாளில் கூலியிழப்பவரே முழுச்செலவையும் ஏற்கும் தகவமைப்பு, தகவுடைய அமைப்பாகாது.