சர்க்கரை நோயாளிகள் கற்க வேண்டிய கணக்கு



நம் மஹல்லாவில் சர்க்கரை நோயாளி இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாகச் சொல்கிறது. நம் அறக்கட்டளையில் மருந்துக்கு உதவி பெறுபவர்களிலும் இவர்களே அதிகம். மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டால் நம் கடமை முடிந்தது என்று நாங்களும் நினைத்திருந்தோம். ஒரு சம்பவம் அந்த நினைப்பை மாற்றியது.

உதவி பெறும் ஒரு மூதாட்டி தினமும் காலையில் 20 யூனிட் இன்சுலின் போட்டுவந்தார். ஒரு நாளும் தவறவிட்டதில்லை. ஆனாலும் வெறும் வயிற்றில் சர்க்கரை 250க்குக் கீழே இறங்கவில்லை. வாயைக் கட்டவில்லை என்று பிள்ளைகள் உம்மாவை ஏசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் சகோதரிகள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மருந்துக் குப்பியில் 40 என்று போட்டிருந்தது. சிரிஞ்சில் 100 என்று போட்டிருந்தது.

குப்பியும் சிரிஞ்சும்

40 என்று போட்ட குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் மருந்து இருக்கும். 100 என்று போட்ட சிரிஞ்சில் 20ஆம் கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது ஒரு மில்லியில் ஐந்தில் ஒரு பங்கு. நாற்பதில் ஐந்தில் ஒரு பங்கு எட்டு. அதாவது, 20 யூனிட் போடுவதாக நினைத்து அந்த அம்மா போட்டுக்கொண்டது வெறும் 8 யூனிட்.

இதுவே தலைகீழாக நடந்தால் உயிருக்கே ஆபத்து. 100 குப்பியிலிருந்து 40 சிரிஞ்சில் 20ஆம் கோடு வரை இழுத்தால் உடலுக்குள் போவது 50 யூனிட்!

ஆகவே குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். 40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100 சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி என்பது வழக்கம். இருந்தாலும் நிறத்தை மட்டும் நம்பாமல் எண்ணைப் பாருங்கள். இத்தனை நாள் தவறான சிரிஞ்சில் போட்டிருந்தால் நீங்களாக மாற்றிவிடாமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த அளவை நம்பி அவர் மருந்தைக் கூட்டியிருக்கக்கூடும்.

வெட்கப்பட ஒன்றுமில்லை

அந்த அம்மா கணக்குத் தெரியாதவர் அல்ல. கல்யாண வீட்டில் எத்தனை சஹனுக்கு எத்தனை கிலோ அரிசி என்று மனக்கணக்காகச் சொல்பவர். மருந்தில் உள்ள எண்களை அவருக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அமெரிக்காவில் 2008இல் வெளியான ஓர் ஆய்விலும் சர்க்கரை நோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் மீட்டர் காட்டும் எண்ணைத் தவறாகப் புரிந்துகொண்டது தெரியவந்தது.

இரண்டு சோதனை, இரண்டு எண்

வீட்டு மீட்டர் காட்டுவது அந்த நேரத்துச் சர்க்கரையை. பொதுவான இலக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 180க்குள். வயதையும் உடல்நிலையையும் பார்த்து உங்கள் டாக்டர் வேறு எண் சொல்லியிருந்தால் அதுவே உங்கள் இலக்கு.

எச்பிஏ1சி என்ற 'மூன்று மாதச் சர்க்கரை' சோதனையின் முடிவு சதவீதத்தில் வரும். ஜகாத்துக்கு நூற்றுக்கு இரண்டரை என்று கணக்குப் பார்க்கிறோமே, அதுபோல இதுவும் நூற்றுக்கு இவ்வளவு என்ற கணக்குதான். 7 என்றால் சராசரிச் சர்க்கரை சுமார் 154; 8 என்றால் 183; 9 என்றால் 212. "போன தடவை 7, இப்போது 9, இரண்டுதானே கூடியிருக்கிறது" என்று அலட்சியமாக இருக்க வேண்டாம்.

மலேசியா, சிங்கப்பூரிலிருந்து உறவினர் கொண்டுவரும் மீட்டரிலும் கவனம் தேவை. அங்கே அளவை முறை வேறு. அது 7.8 என்று காட்டினால் 18ஆல் பெருக்குங்கள். நம் கணக்கில் சுமார் 140. மூன்று மாதச் சர்க்கரை 7.8 என்பது வேறு, இது வேறு.

70உம் 300உம்

சர்க்கரை 70க்குக் கீழே போனால் அது தாழ்நிலை. நடுக்கம், வியர்வை, படபடப்பு வரும். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

நோன்பு வைத்திருக்கும்போது 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. இஃப்தாருக்கு அரை மணி நேரம்தான் இருக்கிறது என்று பொறுத்திருக்கக் கூடாது. நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான். விரல் நுனியில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே உலமாக்களின் பரவலான கருத்து. சீட்டில் 1-0-1 என்று காலைக்கும் இரவுக்கும் எழுதியிருக்கும் மாத்திரையை சஹருக்கும் இஃப்தாருக்கும் நீங்களாகவே மாற்றிக்கொள்ள வேண்டாம். ரமலானுக்கு முன்பே டாக்டரைப் பார்த்து அளவையும் நேரத்தையும் எழுதி வாங்குங்கள்.

வகுப்புக்கு வாருங்கள்

இந்தக் கணக்குகளை மதரஸா கூடத்தில் பெண்களுக்கு அஸருக்குப் பிறகும், ஆண்களுக்கு இஷாவுக்குப் பிறகும் சொல்லித் தருகிறோம். குப்பி, சிரிஞ்சு, மீட்டர், டாக்டர் சீட்டு நான்கையும் கையோடு கொண்டுவாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வீட்டில் படிக்கும் ஒரு பிள்ளையை உடன் அழைத்து வாருங்கள். தேதி, நேரம், சர்க்கரை அளவு, போட்ட மருந்து என நான்கு கட்டம் போட்ட நோட்டு ஒன்று தருவோம். அதை அந்தப் பிள்ளை தினமும் எழுதிவந்தால், அடுத்த முறை டாக்டர் முன்னால் அந்த நோட்டே பேசும்.

அந்த மூதாட்டி டாக்டரிடம் காட்டிச் சரியான சிரிஞ்சுக்கு மாறிவிட்டார். இப்போது வெறும் வயிற்றில் 140க்கு வந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். பிள்ளைகளும் உம்மாவை ஏசுவதில்லை.

உங்கள் வீட்டுக் குப்பியையும் சிரிஞ்சையும் இன்றே எடுத்துப் பாருங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.