பெங்களூரின் பழைய சிற்றுண்டிச் சாலைகள்

கர்நாடகத் தலைநகரான பெங்களூரில் உள்ளூர்ச் சைவ உணவுக்குப் பெயர்பெற்ற பழைய உணவகங்கள் பல உள்ளன. அவற்றுள் மாவள்ளி டிபன் ரூம் (எம்.டி.ஆர்.), வித்யார்த்தி பவன் ஆகிய இரண்டும் குறிப்பிடத்தக்கவை. இரண்டையும் தொடங்கியவர்கள் கடலோரக் கர்நாடகத்திலிருந்து வந்தோர்.

எம்.டி.ஆர்.

1924-ல் மையா குடும்பத்தினர் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ரவையில் இட்லி செய்து பார்த்ததே ரவா இட்லியின் தொடக்கம் என்பது இவ்வுணவகத்தார் கூற்று. வறுத்த ரவையில் தயிரும் தாளிப்பும் சேர்ப்பதால், மாவை இரவு முழுதும் புளிக்கவைக்கத் தேவையில்லை.

1975-ல் நெருக்கடி நிலை வந்தது. உணவகங்கள் குறைந்த விலைக்கே விற்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. அந்த விலையில் தரத்தைக் காக்க முடியாது என்று உரிமையாளர்கள் உணவகத்தை மூடினர். ஊழியர்களுக்கு வேலை தர மசாலாப் பொடி, உடனடி மாவு வகைகளைப் பொட்டலமிட்டு விற்றனர். பின்னர் உணவகம் மீண்டும் திறக்கப்பட்டது.

வித்யார்த்தி பவன்

1943-ல் பசவனகுடி காந்தி பஜாரில், அருகிலிருந்த மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. பெயரின் பொருளும் ‘மாணவர் இல்லம்’ என்பதே. இங்கு மசாலா தோசை சிறப்பு. பரிமாறுபவர் பல தட்டுகளை ஒரே கையில் அடுக்கிக் கொண்டுவருவார்.

விடுமுறை நாள் காலையில் இரு இடங்களிலும் காத்திருந்தே இடம்பிடிக்க வேண்டும். குறைந்த விலை, நல்ல தரம் இரண்டையும் ஒருசேரக் காப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு எம்.டி.ஆர். வரலாறே சான்று.