தீவனப்புல்: அறுத்த பாத்திக்கு மட்டும் யூரியா

கறவை மாடு வைத்திருப்பவர்களில் பலர் கிணற்றடியில் இருபது, இருபத்தைந்து சென்டில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் போட்டிருக்கிறார்கள். தினமும் காலையில் நாலைந்து வரிசை அறுத்து மாட்டுக்குப் போடுவது வழக்கம். யூரியா போடுவது மட்டும் அப்படி நடப்பதில்லை. மூட்டை வீட்டுக்கு வந்த அன்றோ, தண்ணீர் முறை கிடைத்த அன்றோ மொத்தப் பரப்புக்கும் ஒரே நாளில் வீசிவிடுகிறார்கள். நேற்று அறுத்த வரிசைக்கும் அதே யூரியா, நாளை அறுக்கப் போகும் வரிசைக்கும் அதே யூரியா. தீவனப்புல்லில் உரம் வீணாவதற்கும், சில பருவங்களில் மாட்டின் உயிருக்கே ஆபத்து வருவதற்கும் இந்தப் பழக்கம் ஒரு முக்கியக் காரணம் என்பேன்.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். கோ-4, கோ-5 ரகங்களுக்கு எக்டேருக்கு 25 டன் தொழுவுரமும், 150 கிலோ தழைச்சத்து, 50 கிலோ மணிச்சத்து, 40 கிலோ சாம்பல்சத்தும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. நட்ட 30-ம் நாள் 75 கிலோ தழைச்சத்து மேலுரமாக இட வேண்டும். முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில் வரும். அதற்குப் பிறகு சுமார் 45 நாளுக்கு ஓர் அறுப்பு. ஒவ்வொரு அறுப்புக்குப் பின்னும் அதே 75 கிலோ. ஆண்டுக்கு ஏழு அறுப்பு என்று வைத்தால் மேலுரம் மட்டும் 525 கிலோ தழைச்சத்து. நடுத்தர வயதுடைய நெல்லுக்கு ஒரு போகத்தில் கொடுப்பதைப்போல மூன்றரை மடங்கு! இவ்வளவு உரம் இறங்கும் பயிரில் அது எந்த நாளில் இறங்குகிறது என்பது சின்ன விஷயமல்ல.

யூரியாவில் 46 சதம் தழைச்சத்து. 75 கிலோ தழைச்சத்து என்பது ஏக்கருக்கு 66 கிலோ யூரியா, அதாவது இப்போது வரும் 45 கிலோ மூட்டையில் ஏறத்தாழ ஒன்றரை. சென்ட் கணக்கில் ஓர் அறுப்புக்கு 660 கிராம். சின்னப் பரப்பு வைத்திருப்பவர்கள் இந்த 660 கிராமை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கைப்பிடிக் கணக்கில் வீசுபவர்கள் ஒருமுறை தராசில் நிறுத்துப் பார்த்தால், தாம் போடுவது அதிகமா குறைவா என்று தெரிந்துவிடும்.

மண்ணில் நடப்பது

மண்ணில் விழுந்த யூரியா, யூரியேஸ் என்ற நொதியால் இரண்டு மூன்று நாளிலேயே அம்மோனியமாக மாறத் தொடங்கிவிடும். வெயிலில் ஈரமான மேல்மண்ணில் கிடந்தால் அம்மோனியா வாயுவாகிக் காற்றோடு போய்விடும். களர் மண்ணிலும் சுண்ணாம்பு மண்ணிலும் இந்த இழப்பு இன்னும் அதிகம். அறுத்த கட்டையிலும் உதிர்ந்த சருகிலும் இந்த நொதி ஏராளம். ஆகவே சருகின் மேல் வீசிய யூரியா வேருக்குப் போவதற்கு முன் காற்றுக்குப் போகிறது.

அம்மோனியம் அடுத்த கட்டமாக நைட்ரேட்டாக மாறும். நைட்ரேட் தண்ணீரோடு கீழே இறங்கும். நீர் தேங்கினால் வாயுவாகிவிடும். நாட்டில் தயாராகும் யூரியாவை முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே விற்க வேண்டும் என்பது 2015-ல் வந்த விதி. அந்தப் பூச்சு அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும் வேகத்தைத்தான் குறைக்கும். மேலே கிடக்கும் யூரியா அம்மோனியாவாகப் பறப்பதை அது தடுக்காது. ‘வேப்பெண்ணெய் பூசியதுதானே, மேலாகவே தூவலாம்’ என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி புல்லின் பக்கம். அறுத்த தூரில் இலை இல்லை. முதல் நாலைந்து நாள் கட்டையில் சேமித்த மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கொண்டுதான் அது குருத்து விடுகிறது. அப்போது வேர் உறிஞ்சும் வேகமும் குறைவு. குருத்து விரிந்த பிறகு இரண்டு மூன்று வாரம் தழைச்சத்துக்கு நல்ல பசி இருக்கும். தண்டு தடித்து அறுப்பை நெருங்கும்போது போடும் யூரியாவால் எடை பெரிதாகக் கூடுவதில்லை. நிறம் மட்டும் கருக்கும்.

ஆறு பாத்தி முறை

24 சென்ட் புல் இருக்கிறது என்று கொள்வோம். அதை நாலு சென்ட் வீதம் ஆறு பாத்தியாக வரப்புக் கட்டிப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு பாத்தியை ஏழெட்டு நாளில் அறுத்து முடித்து அடுத்ததற்குப் போனால், ஆறாவது பாத்தி முடியும்போது முதல் பாத்திக்கு 45 நாள் ஆகியிருக்கும். ஒரு பாத்தி அறுத்து முடிந்த அன்றோ மறுநாளோ களையெடுத்து, சருகைக் கூட்டி வெளியேற்றிவிட்டு, அந்தப் பாத்திக்கு மட்டும் 2 கிலோ 640 கிராம் யூரியா போட வேண்டும். முதலில் அறுத்த வரிசைக்கு அதற்குள் குருத்து வந்திருக்கும். கடைசி வரிசைக்கு ஒருநாள் வயது. இந்த வித்தியாசத்தால் பாதகம் இல்லை.

யூரியாவைத் தூரின் நடுவே கொட்டக் கூடாது. குருத்துக் கருகும், அங்கே தங்கிய உரம் மாட்டின் வாய்க்கும் போகலாம். தூரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட்டு, கொத்தால் மண்ணைக் கிளறி மூடி, அன்றே அந்தப் பாத்திக்கு மட்டும் அளவாகத் தண்ணீர் கட்டலாம். மாலை வேளை நல்லது. மணல் சாரியான நிலமாக இருந்தால் அளவை இரண்டாகப் பிரித்து, பாதியை அறுத்தவுடனும் மீதியை 15-ம் நாள் சுமாருக்கும் போடலாம். இருபது நாள் கடந்த பாத்திக்கு யூரியா வேண்டாம்.

மூட்டையைப் பிரித்து ஒன்றரை மாதம் வைத்திருந்தால் கட்டி தட்டுமே என்று கேட்கலாம். வாய் இறுக்கக் கட்டிய பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு, மாடு எட்டாத இடத்தில் வைத்தால் போதும். மாடு நேராக யூரியாவைத் தின்றாலும் சாக்கு அலசிய தண்ணீரைக் குடித்தாலும் அது தனி விஷம்.

கரும்பச்சைப் புல்லில் இருக்கும் ஆபத்து

வேர் உறிஞ்சிய நைட்ரேட்டைப் புரதமாக மாற்றப் புல்லுக்கு வெயில் வேண்டும், தண்ணீர் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் உறிஞ்சுவது நடக்கும், மாற்றுவது நடக்காது. நைட்ரேட் தண்டில், அதிலும் அடித்தண்டில் தேங்கும். கம்பும் சோளமும் இப்படி நைட்ரேட்டைச் சேர்த்துவைக்கும் குணமுள்ள பயிர்கள். கம்பு நேப்பியர் அந்தக் கம்பின் வாரிசு.

மாட்டின் முதல் வயிற்றில் நைட்ரேட் முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அம்மோனியாவாகவும் மாறும். கொஞ்சமாக வந்தால் சிக்கல் இல்லை. ஒரேயடியாக நிறைய வந்தால் நைட்ரைட் தேங்கி ரத்தத்தில் கலந்து, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். மாடு வேகமாக மூச்சு வாங்கும், நடுங்கும், தள்ளாடும். ஈறும் கண்ணின் உள்சவ்வும் நீலம் கலந்த பழுப்பாகும். ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும். சில மணி நேரத்தில் உயிர் போகலாம். பிழைத்த சினை மாடு கன்று வீசலாம். உலர்எடையில் நைட்ரேட் அரை சதத்துக்குக் கீழே இருந்தால் பொதுவாகப் பயமில்லை. ஒன்றரை சதத்தைத் தாண்டிய புல்லைத் தனித் தீவனமாகப் போடவே கூடாது. கண்ணால் பார்த்து இந்த அளவைச் சொல்ல முடியாது. கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கும் புல்லைத்தான் நாம் ‘நல்ல புல்’ என்று தேடி அறுக்கிறோம்.

பருவத்துக்கு ஏற்ப

மாசி முதல் வைகாசி வரை வெயில் நிறைய உண்டு, கேள்வி தண்ணீரில்தான். வாரம் ஒருமுறையாவது தண்ணீர் கட்ட முடிந்தவர்கள் முழு அளவு போடலாம், பலன் கைமேல் தெரியும். கிணறு வற்றத் தொடங்கினால் பாதியாக்குங்கள். தண்ணீர் இல்லாத புல்லுக்கு யூரியா போட்டு மழைக்குக் காத்திருப்பது கூடவே கூடாது.

ஆனி, ஆடி, ஆவணியில் கொங்குப் பகுதியில் காற்று மேல்மண்ணைச் சீக்கிரம் காயவைக்கும். தண்ணீர் இருந்தால் புல் நன்றாக வளரும் காலம் இது. முழு அளவு போடலாம், ஆனால் மண்ணில் மூடாமல் போட்டால் அம்மோனியா இழப்பு இப்போது மிகுதி.

எனக்குக் கவலை தருவது புரட்டாசி, ஐப்பசிதான். மாதக்கணக்கில் காய்ந்த மண்ணில் முதல் மழை விழும்போது, மண்ணில் உள்ள அங்ககப் பொருள் வேகமாகச் சிதைந்து நாம் உரம் போடாமலேயே நைட்ரேட் வெளிவரும். வாடி நின்ற புல் அதை ஒரே மூச்சில் இழுக்கும். வானமோ மூட்டம். அந்த நேரத்தில் ‘மழை வந்துவிட்டது’ என்று யூரியாவையும் வீசினால் ஆபத்து இரட்டிப்பு. வறட்சிக்குப் பின் வந்த முதல் நல்ல மழைக்கு யூரியா வேண்டாம். குறைந்தது பத்து நாள் கழித்து, இடையில் இரண்டு மூன்று நாளாவது வெயில் கண்ட பிறகு அறுங்கள். அதுவரை வைக்கோலும் சோளத்தட்டும் கையில் இருக்கும்படி ஆவணியிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கார்த்திகை, மார்கழி, தையில் வளர்ச்சி மந்தம். 45 நாளில் வரும் புல்லுக்கு 55 நாள்கூட ஆகும். நான் பாதி அளவுதான் போடச் சொல்வேன். தண்ணீர் தேங்கிய பாத்திக்கு அதுவும் வேண்டாம். முதலில் வடிகால் வெட்டுங்கள்.

கொட்டகைக் கழிவுநீர்

மாட்டுக் கொட்டகையைக் கழுவிய நீரையும் மூத்திரத்தையும் வாய்க்கால் வைத்துப் புல்லுக்கு விடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த வாய்க்கால் ஓரத்து இரண்டு மூன்று பாத்திகளுக்கு ஆண்டு முழுவதும் தழைச்சத்து போய்க்கொண்டே இருக்கிறது. தோட்டத்தில் மிகவும் கருத்து நிற்பதும் அவைதான். அவற்றுக்கு யூரியாவை அறவே விட்டுவிடலாம். கழிவுநீரையும் பாத்தி மாற்றி மாற்றித் திருப்புங்கள். சாணத்தை எரிவாயுக் கலனுக்கு விடுபவர்கள் அதிலிருந்து வரும் குழம்பையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

முப்பது நாள் புல்லுக்கு யூரியா வீசத் தூண்டுவது பெரும்பாலும் மஞ்சள் நிறம். எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள். அடி இலை நுனியிலிருந்து வெளுத்தால் தழைச்சத்துக் குறை. அதை அடுத்த அறுப்பில் சரிசெய்யலாம். இளங்குருத்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மண்ணில் இது சாதாரணம். அதற்கு எத்தனை மூட்டை யூரியா போட்டாலும் பயனில்லை. பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் அன்னபேதி வீதம் கலந்து, பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளித்தால் பச்சை திரும்பும். தெளித்து ஒரு வாரமாவது கழித்து அறுக்கவும்.

சந்தேகமான புல்தான் கையில் இருக்கிறதா?

இரண்டு வாரத்துக்கு முன் யூரியா வாங்கிய பாத்தியைத் தவிர வேறு புல் இல்லை என்ற நிலை சிறு விவசாயிகளுக்கு வரத்தான் செய்யும். அப்போது மாட்டைப் பசியோடு அந்தப் புல்லில் விடக் கூடாது. முதலில் வைக்கோலோ தட்டோ போட்டு வயிறு பாதி நிரம்பிய பிறகு, புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கூடவே தானியம் கலந்த அடர்தீவனம் கொடுத்தால் நைட்ரைட் அம்மோனியாவாக மாறுவது எளிதாகும். தரையோடு அறுக்காமல் ஒரு சாணுக்கு மேல் அடித்தண்டை விட்டு அறுங்கள். வெயில் நாளில் பிற்பகலில் அறுத்த புல்லில் அதிகாலைப் புல்லைவிட நைட்ரேட் குறைவாக இருக்கும். சினை மாட்டுக்கு இந்தப் புல்லே வேண்டாம்.

அறுத்த புல்லை இரவெல்லாம் குவித்துவைத்துச் சூடேறவிட்டால் நைட்ரேட் குவியலிலேயே நைட்ரைட்டாக மாறிவிடும். அது இன்னும் கொடியது. காயவைத்தால் நைட்ரேட் குறையும் என்பதும் தவறான எண்ணம். இளஞ்சோளத்தில் உள்ள விஷம் காய்ந்தால் குறையும். நைட்ரேட் அப்படியே இருக்கும். காற்றுப் புகாமல் அமுக்கி சைலேஜ் செய்தால் பெரும்பாலும் பாதி வரை குறையும்.

மேலே சொன்ன அறிகுறிகள் தெரிந்தால் வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல் உடனே கால்நடை மருத்துவரையோ 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்சையோ அழையுங்கள். மருத்துவர் நரம்பில் செலுத்தும் மெத்திலீன் புளூ இதற்கு மாற்று மருந்து. மாடு எந்தப் பாத்திப் புல்லைத் தின்றது, அதற்கு எப்போது உரம் போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மீதமுள்ள புல்லில் ஒரு கட்டைத் தனியே எடுத்துவையுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது.